பகலில் கடைச் சம்பளம். இரவில் சொந்த காண்டிராக்ட்!

இரட்டைக் குதிரையில் சவாரி செய்த ரிச்சி தெரு விற்பனையாளர்
மளிகைக்கடை பூட்டு உடைந்தது, ரகசியமும் உடைந்தது

சென்னை-

இரவு மணி 8.45. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக "தடதட" என்று இறங்குகின்றன.

கண்காணிப்பு கேமரா விற்கும் ஒரு கடையில் இருந்து 34 வயது விற்பனையாளர் வெளியே வருகிறார். கடையின் பெயர் பொறித்த நீலச் சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைக்கிறார். கட்டம் போட்ட பழைய சட்டை ஒன்றை மாட்டிக் கொள்கிறார். மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். டிரில்லிங் மெஷின், ஸ்குரு டிரைவர், டெஸ்டர், இன்சுலேஷன் டேப் எல்லாம் சரியாக இருக்கின்றன. வண்டி கிளம்புகிறது.

சட்டையை மாற்றும் அந்த ஒரு நிமிடத்தில் கடை ஊழியர் காண்டிராக்டர் ஆகி விடுகிறார்.

பகலில் அவர் கேமரா விற்கிறார். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே கேமராக்களை வீடுகளிலும் கடைகளிலும் மாட்டிக் கொடுக்கிறார். பகல் வேலைக்கு மாதச் சம்பளம். இரவு வேலைக்குப் பேசி வாங்கும் கூலி.

இரண்டு ஆண்டுகள் இது முதலாளிக்குத் தெரியாமல் நடந்தது. பிறகு ஒரு நாள் கொளத்தூரில் ஒரு மளிகைக்கடையின் பூட்டு உடைந்தது. அதோடு இந்த ரகசியமும் உடைந்தது.

"பேர் மட்டும் போட வேண்டாம். முதலாளியும் சாயந்தரம் பேப்பர் படிக்கிறவர்" என்ற நிபந்தனையோடு அவர் தன் கதையைச் சொன்னார்.

சம்பளம் எங்கே போகிறது?

ஓட்டேரியில் ஒரு சிறிய வாடகை வீடு. மனைவி, 2 குழந்தைகள், வயதான தாயார். மாதச் சம்பளம் ரூ.19 ஆயிரம். வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போக கைக்கு வருவது ரூ.17 ஆயிரத்து 400 சொச்சம்.

வீட்டு வாடகை ரூ.8 ஆயிரத்து 500. பால், மளிகை, காய்கறி ரூ.6 ஆயிரம். குழந்தைகளின் பள்ளிக்கூடச் செலவும் வேன் கட்டணமும் சேர்ந்து ரூ.3 ஆயிரம்.

கூட்டிப் பார்த்தால் ரூ.17 ஆயிரத்து 500. சம்பளம் அதோடு சரி. வண்டிக்கு பெட்ரோல், சமையல் கியாஸ், தாயாரின் சர்க்கரை மாத்திரை, கரண்டு பில் ஆகியவற்றுக்கு வழி இல்லை.

டார்கெட்டைத் தாண்டி விற்றால் மாதம் ரூ.1,500 ஊக்கத்தொகை உண்டு. ஆனால் தீபாவளி, பொங்கல் மாதங்களைத் தவிர மற்ற மாதங்களில் டார்கெட்டை எட்டுவது அபூர்வம்.

"பத்தாம் தேதி வந்தா பக்கத்து வீட்டுல கைமாத்து. அடுத்த சம்பளத்துல அதைக் கொடுத்தா அந்த மாசம் எட்டாம் தேதியே கைமாத்து. கடிகாரம் பின்னாடி ஓடுற மாதிரி இருந்துச்சு" என்கிறார், அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு இவை மூன்றும் சேர்ந்ததுதான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தை. ஒரு காலத்தில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் உதிரி பாகங்களுக்கு வந்த கூட்டம், இன்று கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் வருகிறது.

ஏ.கே.விசுவநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்த 2017 முதல் 2020 வரையிலான காலத்தில் "மூன்றாவது கண்" என்ற திட்டத்தின் கீழ் பொதுமக்களும் வியாபாரிகளும் கேமரா மாட்டும்படி ஊக்குவிக்கப்பட்டார்கள். பெரிய நகைக்கடைகளில் மட்டும் இருந்த கேமரா, தெருமுனை டீக்கடை வரை வந்தது.

கேமரா வாங்க வருகிறவர்கள் எல்லோரும் பணம் கட்டும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். "மாட்டிக் கொடுக்க ஆள் இருக்கா?"

இவர் வேலை பார்க்கும் கடையில் பெட்டி விற்பனை மட்டும்தான். மாட்டிக் கொடுக்கும் வேலை கிடையாது. அதனால் தெரிந்த ஆட்களின் போன் நம்பரை எழுதிக் கொடுப்பார். அவர்கள் வேலை முடிந்ததும் டீச்செலவுக்கு ரூ.200 கொடுப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை, வருகிறேன் என்று சொன்ன ஆள் வரவில்லை. வாடிக்கையாளர் போன் போட்டுச் சத்தம் போட்டார். மறுநாள் விடுமுறை. "நாமே போனால் என்ன?" என்று இவர் கிளம்பி விட்டார்.

எந்த வயரை எங்கே சொருக வேண்டும், டி.வி.ஆர். என்னும் பதிவுப் பெட்டியை எப்படிச் செட் செய்ய வேண்டும், செல்போனில் எப்படித் தெரிய வைக்க வேண்டும் என்பதெல்லாம் கவுண்டரில் நின்று நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடம். மாலைக்குள் 4 கேமரா மாட்டி முடித்தார். கையில் ரூ.2 ஆயிரத்து 500 வந்தது.

"அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. ஒரே நாள்ல நாலு நாள் சம்பளம். இத்தனை வருஷம் இது தெரியாமப் போச்சேன்னு நினைச்சேன்."

நோட்டில் இரண்டு பக்கம்

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு வேலை, இரண்டு வேலை என்று வரத் தொடங்கியது. கணக்கு எழுதுவது மனைவி. பிள்ளையின் பழைய நோட்டில் இடது பக்கம் "சம்பளம்", வலது பக்கம் "கைவேலை".

ஒரு வேலையின் கணக்கு அந்த நோட்டில் இப்படி இருக்கிறது:-

கேமரா ஒன்றுக்கு கூலி ரூ.500 வீதம் 4 கேமராவுக்கு ரூ.2 ஆயிரம். டி.வி.ஆர். செட் செய்ய ரூ.500. மொத்தம் ரூ.2 ஆயிரத்து 500.

இதில் உதவிப் பையனுக்கு ரூ.700. பெட்ரோல் ரூ.150. டேப், ஸ்குரு, உடைந்து போன டிரில் பிட் வகையில் ரூ.150. செலவு ரூ.1,000 போக மிச்சம் ரூ.1,500.

மாதம் 6 வேலை கிடைத்தால் ரூ.9 ஆயிரம். கைமாற்று நின்றது. மூத்த பெண்ணுக்கு இந்தி டியூஷன் வைத்தார்கள். மாதச் சீட்டு ஒன்றும் போட்டார்கள்.

ஆனால் நோட்டில் எழுதாத கணக்கு ஒன்று இருந்தது. அதை மனைவி சொன்னார்:-

"வீட்டுக்கு வர்றப்போ மணி பன்னெண்டு. சோத்தைப் போட்டா தட்டுலேயே தூங்குவாரு. சின்னவன் அப்பாவைப் பார்க்கிறதே காலையில பல் தேய்க்கிற நேரத்துலதான். காசு வந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமைங்கிற ஒண்ணு எங்க வீட்டுல இல்லாமப் போச்சு."

கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வியாபாரம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டசபையில் 2021-ல் சட்டத்திருத்தம் நிறைவேறியது. அதன் பிறகு இந்தக் கடையிலும் 2 ஸ்டூல் வந்தது. கூட்டம் இருக்கும்போது யார் உட்காருவது? பகல் முழுக்க நின்ற அதே கால்கள்தான் இரவில் ஏணி மேல் நின்றன.

"பீப்... பீப்..."

கொளத்தூர் மளிகைக்கடை அண்ணாச்சி இந்தக் கடையில்தான் 4 கேமரா வாங்கினார். பில் கடையின் பெயரில். மாட்டிக் கொடுத்தது நமது விற்பனையாளர். அதற்கு பில் கிடையாது. கையில் கூலி, அவ்வளவுதான்.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் பகலில் டி.வி.ஆர். பெட்டி "பீப்... பீப்..." என்று கத்தத் தொடங்கியது. அண்ணாச்சி போன் செய்தார்.

விற்பனையாளர் கவுண்டரில் நின்று கொண்டிருந்தார். எதிரே 3 வாடிக்கையாளர்கள். பின்னால் முதலாளி. போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. அணைத்து விட்டார்.

இரவு 9 மணிக்கு அவரே கூப்பிட்டார். அதற்குள் அண்ணாச்சிக்கு தலைவலி வந்து விட்டது. "தம்பி, காதைக் கிழிக்குது. வர்ற ஆள் எல்லாம் என்ன சத்தம், என்ன சத்தம்னு கேக்கான். முதல்ல அதை நிறுத்துங்க" என்றார்.

விற்பனையாளர் போனிலேயே வழி சொன்னார். எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த டிக்கை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அண்ணாச்சியின் மகன் செய்தான். சத்தம் நின்றது.

"ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துடறேன் அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்தில் 8 கேமரா வேலை வந்தது. பெரிய வேலை. போய்விட்டார். அடுத்த ஞாயிறு மைத்துனர் வீட்டுக் காதுகுத்து. அதற்கு அடுத்த ஞாயிறு மழை. அண்ணாச்சியும் மறந்து விட்டார். டி.வி.யில் நான்கு கட்டத்திலும் படம் தெரிந்து கொண்டுதானே இருந்தது?

அங்கேதான் ஆபத்து. டி.வி.ஆர். கத்தியது, உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் நின்று விட்டது என்பதைச் சொல்வதற்காக. ஹார்டு டிஸ்க் நின்றாலும் திரையில் படம் ஓடும். ஆனால் ஒரு நிமிடம் கூட பதிவாகாது. கண் திறந்திருக்கும், நினைவு இருக்காது.

பூட்டு உடைந்தது

23-வது நாள் அதிகாலையில் கடையின் ஷட்டர் பூட்டை உடைத்து யாரோ உள்ளே புகுந்தார்கள். கல்லாவில் இருந்த ரூ.17 ஆயிரம் ரொக்கமும் சிகரெட் பண்டல்களும் போய் விட்டன.

போலீசார் வந்தார்கள். "கேமரா இருக்கா?" என்று கேட்டார்கள். "நாலு இருக்கு" என்று அண்ணாச்சி பெருமையாகக் கையைக் காட்டினார்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. டி.வி.ஆரின் குறிப்பில் டிஸ்க் கோளாறு என்றும், 23 நாளைக்கு முந்தைய தேதியும் மட்டும் இருந்தது. எதிர்ப்புறம் இருந்த மருந்துக்கடை கேமராவில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

அண்ணாச்சி பில்லைத் தேடி எடுத்தார். நேராக ரிச்சி தெருவுக்கு வந்தார். அன்று சனிக்கிழமை. பகல் 12 மணி. கடையில் நிற்க இடம் இல்லை.

"நாலு கண்ணு வித்தீங்களே! ஒரு கண்ணாச்சும் பார்த்துச்சா?" என்று பில்லைக் கவுண்டரில் அடித்தார்.

முதலாளி அமைதியாகப் பதில் சொன்னார். "ஹார்டு டிஸ்க்குக்கு வாரண்டி இருக்கு, மாத்தித் தர்றேன். ஆனா மாட்டினது நாங்க இல்லையே. எங்க கடையில பிட்டிங் கிடையாது. மாட்டின ஆளைக் கேளுங்க."

"அதான் கேக்கேன். இந்தா நிக்காருல்லா, இவருதான் மாட்டினாரு!"

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"கவுண்டர் என்னுது"

அன்று மாலை முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். நடந்ததை முதலாளியே பிறகு சொன்னார்:-

"ராத்திரி வேலை செஞ்சது எனக்குக் கோபம் இல்லை. எட்டரை மணிக்கு அப்புறம் அவன் நேரம் அவனுது. என் அப்பாவும் பகல்ல குமாஸ்தா வேலை பார்த்துக்கிட்டு ராத்திரி ரேடியோ ரிப்பேர் பண்ணி வந்தவர்தான். ஆனா இந்தக் கவுண்டர் என்னுது. இங்க வர்ற கஸ்டமர் என் பேரைப் பார்த்து வர்றான். அவனைக் கூட்டிக்கிட்டுப் போய் வேலை எடுத்துட்டு, தப்பு நடந்தா மட்டும் என் பேர் கெடணுமா? அதைத்தான் கேட்டேன்."

"கேபிள், டிஸ்க் எல்லாம் நம்ம கடையிலதான் வாங்கினியா?" என்றும் முதலாளி கேட்டார்.

விற்பனையாளர் தலையைக் குனிந்து கொண்டார். இரண்டு வேலைகளுக்கு மட்டும் கேபிளை வேறு கடையில் வாங்கியதை ஒப்புக் கொண்டார். மீட்டருக்கு ரூ.2 குறைவு என்பதற்காக.

"நாளையில இருந்து வர வேண்டாம். சொல்லி அனுப்பறேன்."

மூன்று நாள் வீட்டில் இருந்தார். கைவேலை இருக்கிறதே என்று தைரியமாக இருக்க முடியவில்லை. அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. அவருக்கு வந்த வேலைகளில் பத்துக்கு எட்டு கவுண்டரில் நின்றதால் வந்தவை. கவுண்டர் போனால் காண்டிராக்டும் போகும்.

"ரெண்டு வருமானம்னு நினைச்சேன். உண்மையில ஒரே மரத்தோட ரெண்டு கிளை. அடிமரத்தையே வெட்டிக்கிட்டேனேன்னு இருந்துச்சு" என்றார்.

ஒரு பக்கக் காகிதம்

கடையில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் பெரியவர்தான் நடுவில் வந்தார். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு இருந்தா வழுக்கத்தான் செய்யும் தம்பி. ரெண்டு காலையும் வெளிச்சத்துல வை" என்று அவரிடம் சொன்னார். முதலாளியிடம், "இவனை அனுப்பிட்டா நாளைக்கு எதிர்க்கடையில நின்னு இதே வேலையைப் பார்ப்பான். அங்க வேணாம்னு உங்களால சொல்ல முடியுமா?" என்றார்.

கடைசியில் ஒரு பக்கக் காகிதத்தில் 5 நிபந்தனைகள் எழுதப்பட்டன. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவை வருமாறு:-

1. கடை நேரத்தில் சொந்த வேலை கிடையாது. ஆனால் ஏற்கனவே வேலை செய்து கொடுத்த இடத்தில் இருந்து கோளாறு என்று போன் வந்தால் எடுத்துப் பேசலாம்.

2. கடைக்கு வரும் வாடிக்கையாளர் மாட்டித் தரச் சொன்னால், முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். கூலியில் கடைக்குப் பங்கு வேண்டாம். ஆனால் எல்லாப் பொருளும் இதே கடையில் வாங்க வேண்டும்.

3. கூலிக்குத் தன் சொந்தப் பெயரில் தனி ரசீது கொடுக்க வேண்டும். கடைச் சட்டையோடு வெளி வேலைக்குப் போகக் கூடாது.

4. பொருள் கெட்டால் கடை பொறுப்பு. மாட்டியதில் குறை என்றால் ஓராண்டுக்கு அவர் பொறுப்பு.

5. புகார் வந்த 2 நாளில் போக முடியாவிட்டால், தன் செலவில் வேறு ஆளை அனுப்ப வேண்டும்.

அண்ணாச்சிக்கு புது ஹார்டு டிஸ்க் வாரண்டியில் மாற்றிக் கொடுக்கப்பட்டது. விற்பனையாளர் ரூ.5 ஆயிரத்தை எடுத்துக் கொண்டு கொளத்தூர் போனார். அண்ணாச்சி வாங்கவில்லை. "ஒரு வருஷம் மாசத்துக்கு ஒரு தடவை வந்து பெட்டியைப் பார்த்துட்டுப் போங்க தம்பி. அது போதும்" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாதச் சம்பளத்தோடு வெளியே இன்னொரு வேலை பார்ப்பவர்கள் சென்னையில் ஏராளம். தியாகராய நகரில் ஜவுளி விற்பவர் ஞாயிறு அன்று கல்யாண வீடுகளுக்கு அலங்காரம் செய்கிறார். டைல்ஸ் கடை விற்பனையாளர் தரை போடும் வேலையை எடுத்துச் செய்கிறார். மருந்துக் கம்பெனி பிரதிநிதி மாலையில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு.

இது குற்றமா? குற்றம் அல்ல. ஆனால் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதம் என்ன சொல்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில், ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவரை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருந்தது. அது தொழிற்சாலைகளுக்கு. கடைச் சிப்பந்தியின் சொந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அல்ல.

1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதனால் வேலையை விட்டுப் போன பிறகு "இந்தத் தொழிலையே செய்யாதே" என்று முதலாளி கட்டுப்படுத்துவது கடினம். ஆனால் வேலையில் இருக்கும் காலத்தில் வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று நிபந்தனை போடுவது நியாயமானதே என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்பு கூறியது.

2022-ம் ஆண்டு கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இந்தப் பிரச்சினை பெரிதாக வெடித்தது. விப்ரோ நிறுவனத் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி இதை ஏமாற்று வேலை என்றார். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக அறிவித்தார்.

அங்கேயும் சரி, ரிச்சி தெருவிலும் சரி, பிரச்சினை ஒன்றுதான். நேரம் அல்ல, நம்பிக்கை.

ஏணியில் இருந்து விழுந்தால்?

வெளி வேலை பார்ப்பவர்கள் மறந்து விடும் விஷயம் இது.

கடையில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். கடை வேலையில் அடிபட்டால் ஊன உதவித்தொகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை சொந்த காண்டிராக்டில் ஏணியில் இருந்து விழுந்தால், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைக்கலாம். ஆனால் வேலையில் ஏற்பட்ட விபத்துக்கான உதவித்தொகை கிடைக்காது. அது கடை வேலை அல்ல. வைப்பு நிதியும் சம்பளத்துக்கு மட்டும்தான்.

இதைக் கேட்டதும் மனைவி மறுநாளே வங்கிக்குப் போய் ஆண்டுக்கு ரூ.20 பிரிமியம் கட்டும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் கணவரைச் சேர்த்து விட்டார். விபத்தில் மரணம் என்றால் ரூ.2 லட்சம். உதவிப் பையனையும் சேர்க்கச் சொல்லி இருக்கிறார்.

வரி விஷயமும் இப்படித்தான். சம்பளத்தில் கம்பெனி வரி பிடித்து விட்டதே என்று வெளி வருமானத்தைக் காட்டாமல் இருந்து விடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குக் காட்ட வேண்டும். 2025 பட்ஜெட்டில் அறிவித்தபடி, புதிய முறையில் ஆண்டு வருமானம் ரூ.12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்கு வரி இல்லை. ஆனால் வருமானம் ரூ.4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வரி இல்லை என்பது வேறு, கணக்கு இல்லை என்பது வேறு.

இவரைப் போல கூலி வேலை எடுத்துச் செய்பவர், பற்று வரவுப் புத்தகம் எல்லாம் வைக்காமல், மொத்த வரவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய வழியும் உண்டு. வங்கி மூலம் வந்த பணத்துக்கு 6 சதவீதம். ஆனால் கமிஷன் வாங்குபவர்களுக்கு இந்த வழி கிடையாது. கமிஷன் கொடுக்கும் கம்பெனி பிடிக்கும் வரி, 2024 அக்டோபர் 1-ந் தேதி முதல் 5 சதவீதத்தில் இருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அப்படிப் பிடித்தது வருமான வரித்துறைக் கணக்கில் ஏறி விடும். மறைத்தாலும் மறையாது.

இப்போது...

விற்பனையாளர் மாதம் 4 வேலைக்கு மேல் எடுப்பதில்லை. வருமானம் குறைந்து விட்டது. மாதத்தில் 2 ஞாயிறு வேலை, 2 ஞாயிறு வீடு. மனைவியின் நோட்டில் "திரும்பப் போய்ப் பார்த்த இடம்" என்று மூன்றாவதாக ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் வரவு கிடையாது. தேதி மட்டும்தான்.

"முன்னாடி ஒரு வேலையை முடிச்சா அடுத்தது எப்பன்னு பார்ப்பேன். இப்ப பழைய பெட்டி ஓடுதான்னு பார்க்கிறேன்" என்கிறார்.

சென்ற சனிக்கிழமை. பகல் 12 மணி. கடையில் கூட்டம். கவுண்டரில் வைத்திருந்த அவருடைய போன் அடித்தது. அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி போனைப் பார்த்தார். பெயர் தெரிந்தது: கொளத்தூர் அண்ணாச்சி.

"எடு தம்பி, முதல்ல அதை எடு" என்றார், முதலாளி. "பெட்டி கத்துதோ என்னவோ!"

பெட்டி கத்தவில்லை. மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை கொடுக்கக் கடைக்கு எப்போது வரலாம் என்று கேட்கத்தான் அண்ணாச்சி கூப்பிட்டார்.

இரண்டு பத்திரிகை வந்தது. ஒன்று முதலாளிக்கு. இன்னொன்று காண்டிராக்டருக்கு.